விசுவாசம், கஷ்டம், இரட்சிப்பு, கல்யாணம்: யாராவது கேட்டா எப்படி பதில் சொல்றது

நீங்க சபைக்குப் போறவங்க, பைபிள் படிக்கிறவங்கன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சாலே போதும், பாஸ்டர்கிட்ட கேக்கக் கூச்சப்படுற கேள்வியெல்லாம் உங்ககிட்ட வந்துடும். கூட வேலை பாக்கிறவங்க, சொந்தத் தங்கச்சி, வாலிபர் கூட்டத்துக்கு வர்ற ஒரு தம்பி, புதுசா கல்யாணமான ஃப்ரெண்டுன்னு யாரு வேணா கேப்பாங்க, பெரும்பாலும் ராத்திரி லேட்டா வாட்ஸப்ல "ஒரு டவுட்"னு ஆரம்பிக்கும். கடவுள் ஏன் இதை அனுமதிச்சாரு, நான் நிஜமாவே இரட்சிக்கப்பட்டேனா, இவ்வளவு ஜெபம் பண்ணியும் ஏன் கேக்கலை, விசுவாசி இல்லாதவரை கட்டிக்கலாமா, அடிக்கிற புருஷனை விட்டு வந்தா பாவமா. இதுக்கெல்லாம் எப்படி உக்காந்து பதில் சொல்றதுன்னுதான் எழுதுறேன். நான் போதகர் இல்ல, இந்த மாதிரி கேள்விகளோட ரொம்ப வருஷமா இருக்கிற ஒரு சாதாரண விசுவாசி.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், மத்ததெல்லாம் இதுலருந்துதான் வருது. பைபிள்ல பதில் இருக்கு, ஆனா அது அநேகமா ஒத்த வசனமா இருக்காது, ஒரு முழு அதிகாரமாவோ ஒரு ஆளோட வாழ்க்கையாவோ இருக்கும். நாம என்ன பண்றோம்னா தலைவலின்னு சொன்னவுடனே மாத்திரையை எடுத்து நீட்டுற மாதிரி ஒரு வசனத்தை நீட்டிட்டு நகர்ந்துடுறோம். வசனம் தப்பு இல்ல, ஆனா அதை அது இருந்த இடத்துலருந்து பிச்சு எடுத்ததுல பாதி பதில் அங்கேயே நின்னுடுது.

எரேமியா 29:11 எடுத்துக்கோங்க. வேலை போனவங்களுக்கும் எக்ஸாம்ல ஃபெயில் ஆனவங்களுக்கும் நாம முதல்ல அனுப்புற வசனம் அதுதான், தீமைக்கல்ல சமாதானத்துக்கேதுவான நினைவுகளேன்னு. அது யாருக்கு எழுதின லெட்டர்னு பாருங்க, பாபிலோனுக்குப் பிடிச்சுட்டுப் போன ஜனங்களுக்கு. அதுக்கு முந்தின வசனத்துலயே 70 வருஷம்னு இருக்கு. அதுக்கு முந்தின அதிகாரத்துல அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி வந்து ரெண்டே வருஷத்துல எல்லாம் திரும்பிடும்னு சொல்றான், கேக்க எவ்வளவு நல்லா இருக்கும், ஆனா கர்த்தர் உன்னை அனுப்பலைன்னு எரேமியா அவன் முகத்துக்கு நேராவே சொல்லிடுறார். சொல்லிட்டு, வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கன்னு லெட்டர் போடுறார். இப்ப வேலை போன ஆள்கிட்ட இந்த முழு அதிகாரத்தையும் படிச்சுக் காட்டினா அவருக்குக் கிடைக்கிற ஆறுதலே வேற, ஏன்னா சீக்கிரம் முடியாத கஷ்டத்துலயும் தேவன் கைவிடலைன்னு அங்க இருக்கு, வெறும் "எல்லாம் நல்லதுக்கே" இல்ல.

கேள்விக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு பாருங்க

நீதிமொழிகள் 18:13, "காரியத்தைக் கேட்குமுன் உத்தரவு சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்". பதில் சொல்ல ஆசைப்படுற எல்லாரும் இதை எழுதி ஒட்டி வச்சுக்கணும்.

ஒருதடவை ஒரு தங்கச்சி மெசேஜ் பண்ணினாங்க, "அண்ணா, பிதாக்களோட அக்கிரமத்தைப் பிள்ளைகள்கிட்ட விசாரிப்பேன்னு யாத்திராகமம் 20ல இருக்கே, அது இன்னைக்கும் பொருந்துமா". பாத்தா பைபிள் ஸ்டடி கேள்வி மாதிரிதான் இருந்துச்சு, அவனவன் பாவத்துக்கு அவனவன்தான் பொறுப்புன்னு சொல்ற எசேக்கியேல் 18ஐ அனுப்பி முடிச்சிருக்கலாம். "இது எப்போலருந்து மனசுல ஓடுதும்மா?"ன்னு மட்டும் திருப்பிக் கேட்டேன். டைப்பிங்னு காட்டுது, நிக்குது, மறுபடியும் டைப்பிங். கொஞ்ச நேரம் கழிச்சு வந்துச்சு, ஸ்கேன்ல குழந்தைக்கு இதயத்துல ஏதோ பிரச்சனைன்னு சொல்லிட்டாங்களாம், கல்யாணத்துக்கு முன்னாடி தான் செஞ்ச ஏதோ ஒண்ணுக்கான தண்டனையோன்னு பயமாம். கேள்வி யாத்திராகமத்தைப் பத்தியே இல்ல. அவங்களுக்கு வேண்டியது யோவான் 9, பிறவிக் குருடனோட குறை யாரோட பாவத்தாலயும் வந்தது இல்லைன்னு இயேசு சொல்ற இடம், அன்னைக்கு ராத்திரி அதைத்தான் போன்ல ரெண்டு பேரும் சேர்ந்து படிச்சோம்.

அதனால பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு ரெண்டு கேள்வி நீங்க கேளுங்க. இது எப்போலருந்து மனசுல இருக்கு, யாராவது ஏதாவது சொன்னாங்களா. இந்த ரெண்டாவது ரொம்ப முக்கியம், ஏன்னா பாதிப் பேர் காயப்பட்டு வர்றது கஷ்டத்தால இல்ல, கஷ்டத்துல இருக்கும்போது இன்னொரு விசுவாசி சொன்ன ஒரு வார்த்தையாலதான், "உனக்கு விசுவாசம் பத்தலை"ங்கிற மாதிரி. 1 பேதுரு 3:15ல உத்தரவு சொல்ல ஆயத்தமா இருங்கன்னு இருக்குறதை எல்லாரும் சொல்லுவோம், அதே வசனத்துல "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்"னு இருக்கறதை விட்டுடுவோம். அந்த நிருபமே பாடு அனுபவிச்சிட்டிருந்த ஜனங்களுக்கு எழுதினது, வாதத்துல ஜெயிக்கிறதுக்கு எழுதினது இல்ல.

"எனக்கு சந்தேகமா இருக்கு"ன்னு ஒருத்தர் சொன்னா

அதிர்ச்சி ஆகாதீங்க, அதுதான் முதல் வேலை. உங்க முகம் மாறினதைப் பாத்தா அடுத்த தடவை அவங்க வாயே திறக்க மாட்டாங்க.

மத்தேயு 11க்குக் கூட்டிட்டுப் போங்க. யோவான்ஸ்நானன், இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், இதோ தேவ ஆட்டுக்குட்டின்னு கைகாட்டினவர், அவரே ஜெயில்ல உக்காந்துகிட்டு வருகிறவர் நீர்தானா இல்ல வேறொருவருக்குக் காத்திருக்கணுமான்னு ஆள் அனுப்பிக் கேக்கிறார். இயேசு திட்டலை. குருடர் பாக்கிறாங்க, செவிடர் கேக்கிறாங்க, தரித்திரருக்கு சுவிசேஷம் சொல்லப்படுது, பாத்ததைப் போய் சொல்லுங்கன்னு சொல்லி அனுப்புறார், அவங்க போனதுக்கு அப்புறம் கூட்டத்தைப் பாத்து, பெண்கள்கிட்ட பிறந்தவங்கள்ல யோவானைவிடப் பெரியவன் யாருமில்லைங்கிறார். சந்தேகத்தோட கேள்வி அனுப்பின அதே நாள்ல கிடைச்ச பாராட்டு அது. அப்புறம் மாற்கு 9ல அசுத்த ஆவி பிடிச்ச ஒரு பையனோட அப்பா, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்"னு கண்ணீரோட கத்துறார், ஒரே மூச்சுல ரெண்டையும் சொல்றார், இயேசு போய் முதல்ல விசுவாசத்தை சரிபண்ணிட்டு வான்னு அனுப்பலை, பையனை சுகமாக்கினார். இந்த ஜெபத்தை அப்படியே அவங்களுக்குக் கொடுங்க, சந்தேகத்துல இருக்கிறவங்க பொய் இல்லாம பண்ணக்கூடிய ஜெபம் அது.

சில பேருக்கு சந்தேகம் மனசுல இல்ல, விஷயத்துல இருக்கும், இயேசு நிஜமாவே இருந்தாரா, உயிர்த்தெழுதல் பின்னாடி கட்டின கதைதானேன்னு. அவங்களுக்கு "விசுவாசிங்க அவ்வளவுதான்"னு சொல்லி அனுப்புறது நியாயம் இல்ல. பைபிளுக்கு வெளியிலயே ரோம வரலாற்று ஆசிரியர் டாசிட்டஸ், இரண்டாம் நூற்றாண்டு தொடக்கத்துல, கிறிஸ்து ரோமப் பேரரசர் திபேரியு காலத்துல பொந்தியு பிலாத்து கையால தண்டிக்கப்பட்டார்னு எழுதியிருக்கார், அவர் கிறிஸ்தவங்களைப் பிடிக்காதவர். 1 கொரிந்தியர் 15 சிலுவைக்கு அப்புறம் ஏறக்குறைய 25 வருஷத்துக்குள்ள எழுதினது, அதுல பவுல் 500 பேருக்கு மேல பாத்தாங்க, அதுல பெரும்பாலோர் இன்னும் உயிரோட இருக்காங்கன்னு சொல்றார், அதாவது வேணும்னா போய்க் கேட்டுக்கோங்கன்னு அர்த்தம். இதெல்லாம் ஒருத்தரை விசுவாசியாக்கிடும்னு நான் சொல்லலை, ஆனா இது யாரோ எப்பவோ கட்டின கதைன்னு ஈஸியா தள்ள முடியாதுன்னு தெரியும். அதுக்கப்புறம் மாற்கு சுவிசேஷத்தைக் கொடுத்து ஒரே உக்காரல்ல படிக்கச் சொல்லுங்க, 16 அதிகாரம்தான், ரெண்டு மணி நேரம்கூட ஆகாது. இயேசுவைப் பத்திக் கேட்டே வளந்த நிறைய பேர் ஒரு சுவிசேஷத்தை முழுசா படிச்சதே இல்ல.

கஷ்டத்துல இருக்கிறவங்களுக்கு

இதுலதான் நாம அதிகமா பேசி அதிகமா கெடுக்கிறோம், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

பிள்ளைகள், சொத்து, சுகம் எல்லாத்தையும் இழந்த யோபுவோட புத்தகத்துல மூணு ஃப்ரெண்ட்ஸ் வர்றாங்க. 2ஆம் அதிகாரக் கடைசியில ஏழு நாள் ராவும் பகலும் தரையில அவரோட சும்மா உக்காந்திருக்காங்க, ஒரு வார்த்தை பேசலை, அவங்க செஞ்சதுலயே உருப்படியான வேலை அதுதான். வாயைத் திறந்ததும், நீ ஏதோ பாவம் பண்ணியிருப்ப, தேவன் காரணமில்லாம அடிக்க மாட்டாருன்னு ரவுண்டு ரவுண்டா பேசுறாங்க. அவங்க பேச்சைத் தனியா எடுத்துப் பாத்தா பாதிக்கு மேல பக்தியாத்தான் இருக்கும், இன்னைக்கும் பிரசங்கத்துல கோட் பண்றோம். ஆனா 42:7ல தேவன் எலிப்பாசைப் பாத்து, உன்மேலயும் உன் ரெண்டு சிநேகிதர்மேலயும் எனக்குக் கோபம், என் தாசன் யோபு மாதிரி நீங்க என்னைப் பத்தி நிதானமா பேசலைன்னு சொல்றார். தேவன்கிட்ட கத்தி, கேள்வி கேட்டு, நான் பிறந்த நாளே அழியட்டும்னு சொன்ன யோபு பேசினது நிதானம், தேவனுக்கு வக்காலத்து வாங்கினவங்க பேசினது தப்பு. ஆறுதல் சொல்லப் போற ஒவ்வொருத்தரும் இந்த வசனத்தைப் படிச்சிட்டுப் போகணும்.

இன்னொண்ணையும் கவனிங்க. 38ஆம் அதிகாரத்துலருந்து தேவன் பேசுறார், அதுல எங்கயுமே முதல் ரெண்டு அதிகாரத்துல பரலோகத்துல நடந்ததை, அதாவது யோபைச் சோதிக்க சாத்தான் அனுமதி வாங்கினதை, யோபுக்குச் சொல்லவே இல்ல. படிக்கிற நமக்குத் தெரியும், யோபுக்குக் கடைசி வரை காரணம் தெரியாது. ஆனா தேவன் வந்தார், நேர்ல பேசினார். "ஏன்"னு கேக்கிறவங்களுக்கு நாம காரணம் கண்டுபிடிச்சுச் சொல்லியே ஆகணும்னு எந்தக் கட்டாயமும் இல்லைங்கிறது இதுலருந்து தெரியுது. உங்க பிள்ளையை தேவன் ஏன் எடுத்துக்கிட்டாருன்னு எனக்குத் தெரியலைன்னு சொல்றது அவிசுவாசம் இல்ல, அதுதான் உண்மை.

இது என் பாவத்துக்கான தண்டனையான்னு கேட்டா ரெண்டு இடம் இருக்கு. யோவான் 9ல பிறவிக் குருடனைப் பாத்து சீஷர்கள், இவன் செய்த பாவமோ இவனைப் பெத்தவங்க செய்த பாவமோன்னு கேக்கிறாங்க, ரெண்டும் இல்லைங்கிறார் இயேசு. லூக்கா 13ல சீலோவாம்ல கோபுரம் விழுந்து செத்த 18 பேரைப் பத்திப் பேசும்போது, எருசலேம்ல இருந்த மத்தவங்களைவிட அவங்க குற்றவாளிங்கன்னு நினைக்கிறீங்களா, அப்படி இல்லைன்னு சொல்றார், சொல்லிட்டு மனந்திரும்ப வேண்டியதை நின்னுகிட்டிருந்த எல்லாருக்கும் சேர்த்தே சொல்றார். சில கஷ்டம் நம்ம தப்பால நேரா வரும்தான், குடிச்சு ஈரலைக் கெடுத்துக்கிட்டா அது விளைவு, அதை மறைக்க வேண்டாம். ஆனா ஒருத்தர் வியாதியைப் பாத்து பின்னாடி போய் பாவத்தைத் தேடுறது இயேசு நிறுத்தின பழக்கம்.

உனக்கு விசுவாசம் இருந்திருந்தா சுகமாயிருக்கும்னு யாராவது சொல்லி நொறுங்கிப்போய் வந்தாங்கன்னா, 2 தீமோத்தேயு 4:20 காட்டுங்க. "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்". எழுதுறது பவுல், அவர் உடம்புலருந்து கொண்டுபோன துணியைப் போட்டே ஜனங்க சுகமானாங்கன்னு அப்போஸ்தலர் 19ல இருக்கு, அதே பவுல் தன்கூட இருந்த ஆளை வியாதியோட விட்டுட்டு வர்றார், துரோப்பீமுவுக்கு விசுவாசம் பத்தலைன்னு ஒரு வார்த்தை கிடையாது. பவுலுக்கே, மாம்சத்துல ஒரு முள்ளுன்னு அவர் சொன்ன ஒரு பாடு இருந்துச்சு, மூணு தரம் வேண்டிக்கிட்டார், கிடைச்ச பதில் "என் கிருபை உனக்குப்போதும்". கெத்செமனேயில இயேசுவே இந்தப் பாத்திரம் நீங்கட்டும்னு கேட்டார், நீங்கலை. சுகத்துக்காக ஜெபம் பண்ணுங்க, தைரியமா பண்ணுங்க, நானும் பண்றேன், ஆனா சுகமாகலைன்னா பழியை நோயாளி தலையில போடாதீங்க.

மன அழுத்தத்துல இருக்கிறவங்களுக்கு 1 இராஜாக்கள் 19. எலியா கர்மேல்ல அக்கினியை இறக்கின கையோட, யேசபேலோட ஒரே ஒரு மிரட்டலுக்கு ஓடிப்போய் சூரைச்செடி கீழ உக்காந்து, போதும் கர்த்தாவே என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்னு சொல்றார். தேவன் அவருக்கு முதல்ல பிரசங்கம் பண்ணலை. தூங்க விட்டார், தூதனை அனுப்பி தழல்ல சுட்ட அடையும் தண்ணியும் கொடுத்தார், மறுபடியும் தூங்க விட்டார், மறுபடியும் எழுப்பி சாப்பிட வச்சார், நீ பண்ண வேண்டிய பிரயாணம் வெகுதூரம்னார். பேச்செல்லாம் ஓரேப்புக்குப் போனதுக்கு அப்புறம்தான். அதனால டிப்ரெஷன்ல இருக்கிற ஒருத்தர்கிட்ட தூக்கம் எப்படி இருக்கு, சாப்பிடுறீங்களா, டாக்டரைப் பாத்தீங்களான்னு கேக்கிறது ஆவிக்குரிய கேள்விதான். மாத்திரை எடுக்கிறது விசுவாசக் குறைவுன்னு சொல்றவங்க, லூக்கா ஒரு வைத்தியர்னு பவுல் பாசத்தோட எழுதினதை (கொலோசெயர் 4:14) ஒருதரம் பாக்கட்டும். சாகணும் போல இருக்குன்னு ஒருத்தர் சொன்னா அதுக்கு வசனம் தேடிட்டு உக்காராதீங்க, அவங்களைத் தனியா விடாதீங்க, வீட்டு ஆளுக்கு சொல்லுங்க, அன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு அவங்க கெஞ்சினாலும் இந்த ஒரு விஷயத்துல அதுக்கு ஒத்துக்காதீங்க.

துக்க வீட்டுல என்ன சொல்றதுன்னு தெரியலைன்னா கொஞ்சமா சொல்லுங்க. லாசரு கல்லறைகிட்ட இயேசுவுக்கு இன்னும் சில நிமிஷத்துல அவன் எழுந்து வரப்போறது தெரியும், இருந்தும் அழுதார். ரோமர் 12:15 "அழுகிறவர்களுடனே அழுங்கள்"னுதான் சொல்லுது, அழுகையை நிறுத்துங்கன்னு சொல்லலை. சகலமும் நன்மைக்கு ஏதுவா நடக்கும்னு சொல்ற ரோமர் 8:28ஐ முதல் நாள்ல சொல்ல வேண்டாம். அது உண்மை, நான் அதைப் பிடிச்சுட்டு வாழுறேன், ஆனா அந்த அதிகாரத்துலயே அதுக்கு முன்னாடி சிருஷ்டி தவிக்குது, நாம தவிக்கிறோம், ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சோட வேண்டுதல் பண்றார்னு பவுல் எழுதிட்டுத்தான் 28க்கு வர்றார், அந்தப் பெருமூச்சுக்கு இடம் கொடுக்காம 28க்குத் தாவக்கூடாது. ஜெபிக்க வார்த்தையே வரலைன்னு சொல்றவங்களுக்கு சங்கீதம் 13, இன்னும் இருட்டா இருந்தா சங்கீதம் 88. இந்த 88 ஒரு நல்ல வார்த்தைகூட இல்லாம முடியுது, கடைசியில வெளிச்சமே வராது, அதையும் தேவன் தன் புத்தகத்துல வச்சிருக்கார், அதாவது அந்த மாதிரி ஜெபத்தையும் அவர் கேக்கிறார்.

இரட்சிப்பைப் பத்தி கேட்டா

இதுல பதில் சுருக்கமா சொல்லலாம், சொல்லணும். பிலிப்பியில சிறைச்சாலைக்காரன் நடுங்கிப்போய், இரட்சிக்கப்படுறதுக்கு நான் என்ன செய்யணும்னு கேட்டப்ப பவுலும் சீலாவும் பத்து கண்டிஷன் சொல்லலை, "கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவை விசுவாசி"ன்னாங்க (அப்போஸ்தலர் 16:31). அடுத்த வசனத்துல அவனுக்கும் வீட்டார் எல்லாருக்கும் வசனத்தைப் போதிச்சாங்க, அதாவது இயேசு யாரு, சிலுவையில என்ன நடந்துச்சுன்னு உக்கார வச்சு சொன்னாங்க. நீங்களும் ரெண்டையும் பண்ணுங்க.

நல்லவனா இருந்தா போதாதான்னு கேப்பாங்க, அல்லது இதுக்கு எதிர்ப்பக்கம், விசுவாசிச்சா போதும்னா எப்படி வேணா வாழலாமான்னு கேப்பாங்க. ரெண்டுக்கும் எபேசியர் 2ல 8லருந்து 10 வரை சேர்த்துப் படிங்க, 9லயே நிறுத்திடாதீங்க. கிரியையால இரட்சிப்பு இல்லைன்னு 9 சொல்லுது, நற்கிரியைக்காகவே சிருஷ்டிக்கப்பட்டோம்னு 10 சொல்லுது. பவுல் விசுவாசத்தாலங்கிறார், யாக்கோபு "விசுவாசத்தினாலேமாத்திரமல்ல"ங்கிறார், முரண்பாடு இல்லையான்னு விவரமா கேக்கிறவங்களும் வருவாங்க. ரெண்டு பேருமே ஆபிரகாமைத்தான் காட்டுறாங்க, ஆனா பவுல் முக்கியமா நிக்கிறது ஆதியாகமம் 15ல, நட்சத்திரங்களைக் காட்டி தேவன் சொன்னதை நம்பின ராத்திரி, ஈசாக்கு அப்ப பிறக்கவே இல்ல. யாக்கோபு காட்டுறது 22, அதே ஈசாக்கை பலிபீடத்துல கிடத்தின நாள். முதல் நாள் வந்த விசுவாசம் உயிரோட இருந்ததுங்கிறதுக்கு சாட்சி பின்னாடி வந்த நாள். யாக்கோபு யாரைத் திட்டுறார்னா, பசியோட நிக்கிற சகோதரனைப் பாத்து குளிர்காய்ந்து பசியாறுங்கன்னு வாயால சொல்லிட்டு ஒண்ணும் கொடுக்காம அனுப்புறவனை.

இந்தக் கேள்வியில சபைகள் நடுவுல பெரிய சண்டையே நடந்திருக்கு, 1517ல மார்ட்டின் லூத்தர் சபைச் சீர்திருத்தத்தை ஆரம்பிச்சதுலருந்து. இன்னும் வித்தியாசங்கள் இருக்கு, ஆனா 1999 அக்டோபர் 31ல ஜெர்மனியில ஆக்ஸ்பர்க்ல கத்தோலிக்க சபையும் லூத்தரன் உலக சம்மேளனமும் சேர்ந்து, நம்ம தகுதியால இல்ல, கிருபையால மட்டும், கிறிஸ்துவோட இரட்சிப்பின் வேலைமேல வைக்கிற விசுவாசத்துலதான் தேவன் நம்மை ஏத்துக்கிறார்னு ஒரு பொது அறிக்கையில கையெழுத்து போட்டாங்க, 2006ல மெதடிஸ்ட் சபைகளும் அதுல சேர்ந்தாங்க. உங்க சபை சரி, அவங்க சபை தப்புன்னு பேச்சு திரும்பும்போது இதைச் சொல்லுங்க. குழந்தை ஞானஸ்நானமா, முழுக்கு ஞானஸ்நானமா, இரட்சிப்பை இழக்க முடியுமா முடியாதாங்கிறதுல வசனத்தை நேசிக்கிறவங்களே ரெண்டு பக்கமும் இருக்காங்க, உங்க சபை எதை நம்புதுன்னு தெளிவா சொல்லுங்க, மத்தவங்க ஏன் வேற மாதிரி நம்புறாங்கன்னும் நேர்மையா சொல்லுங்க.

அதிகமா வலிக்கிற கேள்வி வேற. "அதே பாவத்துல திரும்பத் திரும்ப விழுறேன், நான் இரட்சிக்கப்படவே இல்லையோ". பயந்து கேக்கிறவங்களையும், சாக்கு தேடிக் கேக்கிறவங்களையும் பிரிச்சுப் பாக்கணும், பெரும்பாலும் பயந்தவங்கதான் கேப்பாங்க, சாக்கு தேடுறவங்க கேக்க வரவே மாட்டாங்க. 1 யோவான் 1:9 விசுவாசிகளுக்கு எழுதினது, அறிக்கையிட்டா மன்னிக்க அவர் உண்மையும் நீதியும் உள்ளவர்னு. அதோட 1 யோவான் 5:13, நித்திய ஜீவன் உண்டுன்னு நீங்க அறியணும்னுதான் எழுதுறேன்னு சொல்லுது, சந்தேகத்துலயே வாழ்றது தேவனோட விருப்பம் இல்ல. சிலுவையில தொங்கின கள்ளனுக்கு சரிபண்றதுக்கு நேரமே இல்ல, "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்"னு கேட்டுட்டுப் போனான். இதைச் சொல்லிட்டு நடைமுறைக்கும் வாங்க, எந்த நேரத்துல விழுறீங்க, போன் எங்க இருக்கும், யார்கிட்ட மனசு விட்டுச் சொல்லலாம், வாராவாரம் நான் கேக்கட்டுமான்னு. யாக்கோபு 5:16 ஒருத்தருக்கொருத்தர் அறிக்கையிடச் சொல்லுது, மறைச்சு வைக்கிற வரைக்கும்தான் அதுக்குப் பலம்.

சுவிசேஷமே கேக்காம செத்தவங்க என்ன ஆவாங்கன்னு கேட்டா, அநேகமா அது இறந்துபோன அவங்க தாத்தாவைப் பத்தினதா இருக்கும், நீங்க நியாயாதிபதி ஆகாதீங்க. இரட்சிப்பு இயேசுவால மட்டும்தான்னு சொல்லுங்க, அதுல குழைய வேண்டாம், ஆனா ஒரு குறிப்பிட்ட ஆளோட கடைசி நிமிஷம் நமக்குத் தெரியாது, "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ"ன்னு ஆபிரகாம் கேட்ட இடத்துல நாமளும் நிக்கணும்.

கல்யாணக் கேள்விகள்

விசுவாசி இல்லாதவரை லவ் பண்றேன், கட்டிக்கலாமான்னு கேட்டா, அவிசுவாசிகளோட பிணைக்கப்படாதிருங்கன்னு சொல்ற 2 கொரிந்தியர் 6:14ஐ முகத்துல எறியாதீங்க. கல்யாணத்தைப் பத்தி நேராப் பேசுற வசனம் வேணும்னா 1 கொரிந்தியர் 7:39, மறுமணம் பண்ற விதவைக்கு இஷ்டமானவரைக் கட்டிக்க சுதந்திரம் கொடுத்துட்டு "கர்த்தருக்குட்பட்டவனாயும்" இருக்கணும்னு சொல்லுது. என் பதில் வேண்டாம்கிறதுதான், ஏன்னு விளக்கியும் சொல்லுவேன்: பணம், பிள்ளை வளர்ப்பு, கஷ்டம் வந்தா எங்க ஓடுறதுங்கிற எல்லா முடிவுக்கும் அடியில ரெண்டு பேருக்கும் ஒரே எஜமான் வேணும். கட்டிக்கிட்டு மாத்திடலாம்னு நினைக்கிறவங்களுக்கு அதே அதிகாரம் 16ஆம் வசனம், நீ உன் புருஷனை இரட்சிப்பாயோ இல்லையோ உனக்கு எப்படித் தெரியும்னு பவுலே கேக்கிறார். ஆனா ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சுன்னா பதில் முழுசா மாறுது, 12, 13ல கூட வாழ சம்மதிக்கிற துணையை விட வேண்டாம்னு தெளிவா இருக்கு. அப்ப 1 பேதுரு 3:1தான், பேச்சைவிட நடக்கை பேசும்.

கீழ்ப்படிதல் பத்தின கேள்வியில எபேசியர் 5:22லருந்து ஆரம்பிக்காதீங்க, 21லருந்து ஆரம்பிங்க, "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்". அப்புறம் எண்ணிப் பாருங்க, மனைவிக்கு மூணு வசனம், புருஷனுக்கு அதுக்கு மேல, அதுவும் கிறிஸ்து சபைக்காகத் தன்னையே ஒப்புக்கொடுத்த மாதிரின்னு. மனைவிக்கு உள்ள வசனத்தை மனைவி படிக்கட்டும், புருஷனுக்கு உள்ளதைப் புருஷன் படிக்கட்டும், அடுத்தவங்க வசனத்தைக் கையில எடுக்கிற வீட்டுலதான் பிரச்சனை. 1 பேதுரு 3:7 புருஷர்களுக்கு இன்னும் நேரா சொல்லுது, மனைவியை மதிக்கலைன்னா உன் ஜெபத்துக்கே தடை வரும்னு.

அடி, மிரட்டல் இருக்கிற வீடுன்னா மேல சொன்ன எதையும் எடுக்காதீங்க, முதல்ல பாதுகாப்பு. பொறுத்துக்கோம்மா, ஜெபம் பண்ணு, மாறிடுவார்னு அனுப்பி வச்சு உயிரே போன வீடுகள் இருக்கு, அந்த ஆலோசனைக்கு வசன ஆதாரம் இல்ல. 1 சாமுவேல் 19ல தாவீது சவுல் முன்னாடி சுரமண்டலம் வாசிச்சிட்டிருக்கும்போது சவுல் ஈட்டியை எறியுறான், தாவீது விலகி ஓடிடுறார், ராத்திரி அவர் மனைவி மீகாள் ஜன்னல் வழியா இறக்கி விடுறாள். கர்த்தர் அபிஷேகம் பண்ணின ராஜாவை தாவீது கடைசி வரை மதிச்சார், கைநீட்டலை, ஆனா அந்த ஈட்டி முன்னாடி திரும்பப் போய் உக்காரலை. மன்னிக்கிறது வேற, கை ஓங்குற ஆளோட அதே வீட்டுல தூங்குறது வேற. "தள்ளிவிடுதலை நான் வெறுக்கிறேன்"னு மல்கியா 2:16ஐக் காட்டி மிரட்டினா, அதே வசனத்துல கொடுமையையும் சேர்த்துதான் தேவன் கண்டிக்கிறார்னு காட்டுங்க. விவாகரத்தை ஏத்துக்காத கத்தோலிக்க சபையோட சட்டத்துலயே, ஒருத்தரால அவங்க துணைக்கோ பிள்ளைகளுக்கோ பெரிய ஆபத்துன்னா பிரிஞ்சு வாழ அனுமதி இருக்கு (கேனன் 1153).

விவாகரத்து, மறுமணம்னு வந்தா மத்தேயு 19, 1 கொரிந்தியர் 7 ரெண்டையும் படிங்க. விபசாரம், கைவிட்டுப் போறது இந்த ரெண்டு காரணத்தையும் நிறைய புராட்டஸ்டன்ட் சபைகள் ஏத்துக்குது, ஆர்த்தடாக்ஸ் சபைகள் சில சூழ்நிலையில மறுமணத்தை அனுமதிக்குது, கத்தோலிக்கர்ல அந்தத் திருமணம் ஆரம்பத்துலருந்தே செல்லாதான்னுதான் விசாரிப்பாங்க. இதை நீங்க ஒரு ஆளா போன்ல தீர்ப்பு சொல்லக்கூடாது, அவங்க போதகரும் நம்பகமான ஒரு மூத்த தம்பதியும் சேர்ந்து உக்காரணும்.

கல்யாணமே ஆகலையேன்னு வர்றவங்களுக்கு, ஆயிடும் ஆயிடும்னு மட்டும் சொல்லாதீங்க, அப்படி ஒரு வாக்குத்தத்தம் பைபிள்ல இல்ல. பவுல் தனியா இருந்தார், 1 கொரிந்தியர் 7ல அதை வரம்ங்கிறார், குறை வாழ்க்கைன்னு எங்கயும் சொல்லலை, இயேசுவுக்கே கல்யாணம் கிடையாது. அவங்களைத் தனியா விடாம உங்க வீட்டுச் சாப்பாட்டுக்கும் பண்டிகைக்கும் கூப்பிடுங்க, சபை குடும்பம்னு சொல்றது அப்பதான் அவங்களுக்குப் புரியும்.

கடைசியா நடைமுறையா சில விஷயம். தெரியாததுக்கு "பாத்துட்டு சொல்றேன்"னு சொல்லுங்க, சொன்னா அந்த வாரத்துக்குள்ள பாத்துட்டு நீங்களே கூப்பிடுங்க, அவங்க மறுபடி கேக்கிற வரை விடாதீங்க. கூட ஜெபிக்கலாமான்னு கேட்டுட்டு ஜெபிங்க, வேண்டாம்னா வீட்டுல போய் பண்ணுங்க. அவங்க சொன்ன எதையும் ஜெபக் குறிப்புங்கிற பேர்ல குரூப்ல போடாதீங்க. உயிருக்கு ஆபத்து, குழந்தைக்கு நடக்கிற கொடுமை, இந்த மாதிரி விஷயம்னா மட்டும் டாக்டர், போலீஸ், பொறுப்பான ஆளுன்னு யார்கிட்ட சொல்லணுமோ அங்க உடனே சொல்லுங்க, சொல்லப் போறேன்னு முடிஞ்சா அவங்ககிட்டயும் முன்னாடியே சொல்லிடுங்க.